நனையாத விறகு

1936 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை.
இன்று மாலை வகுப்பில் ஒரு தவறு செய்தேன். வெள்ளப் பாதுகாப்புச் சங்கத்தின் வேண்டுகோள் கடிதத்தை மூன்று பிரதி டைப் அடிக்கச் சொன்னார் ஆசிரியர். தேதியில் 1936 என்பதற்குப் பதில் 1924 என்று அடித்துவிட்டேன். கார்பன் வைத்திருந்ததால் மூன்றிலும் அதே தவறு. ரப்பரால் தேய்த்ததில் தாள் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து அடித்தேன். கவனக்குறைவு என்று ஆசிரியரிடம் சொன்னேன். அது நிஜமா என்று தெரியவில்லை.

அழகிரி பேனாவை மூடினான். மறுபடி திறந்து, கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்து, விட்டுவிட்டான்.

பகலில் அவன் தென்னூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மாலையில் தெப்பக்குளம் பக்கம் டைப்ரைட்டிங் வகுப்பு. அது முடிந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வந்ததும் அன்றைய தவறுகளை டைரியில் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. எந்த மனுவில் எந்த எழுத்து விட்டுப்போயிற்று, யாரிடம் எந்த வார்த்தை கூடுதலாக வந்தது, எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு தவறுதான் எந்த வருஷத்து டைரியிலும் இல்லை. அது நடந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு.

அந்த 1924-ஆம் வருஷத்து வெள்ளத்தைப் பற்றி இன்றைக்கும் ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. அண்ணா கோபுவுக்கு அப்போது பதினாறு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கடுக்கனைக் கழற்றி மாடத்தில் வைத்தவன், "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்த்துட்டு ஓடி வந்துடறேன்" என்று கொள்ளிடக்கரைக்குப் போனான். அவன் குளிப்பதற்காகச் சுட வைத்த வெந்நீர் மாலைவரை அண்டாவில் ஆறிக் கிடந்தது.

காணாமற்போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது வழக்கம். அதற்கும் பிறகு வரவில்லையென்றால், தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதை உடம்பாகப் பாவித்து எரித்து, மற்ற கர்மங்களைச் செய்ய வேண்டும். இறந்த திதி தெரியாதவனுக்கு அமாவாசையே திதி. வருகிற சனிக்கிழமை ஆடி அமாவாசை.

சம்ஸ்கிருத பண்டிதராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முன்னால் ஒரு சின்னப் பித்தளைச் சம்புடம். அதில் கோபுவின் கடுக்கன் ஜோடியும், அவன் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த தங்கச் சங்கிலியும் இருந்தன.

"அவன் பேர்லே இதை தர்மத்துக்குக் கொடுத்துடணும். ஒரே இடத்திலே கொடு. பத்து இடத்திலே கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தா எங்கேயும் ஒண்ணும் முளைக்காது. எங்கேன்னு நீ பார்த்துச் சொல்லு. ரிப்போர்ட்டெல்லாம் படிக்கறவன் நீதானே."

"சரிப்பா."

"ஏன் அங்கேன்னு காரணமும் சொல்லணும். உன் அம்மா கேட்பா."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவனைப் பிடித்துக்கொண்டது.

அவன் முறைப்படி வேலை செய்கிறவன். டைரியில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தான். இடதுபக்கம் 'நதி வெள்ளப் பாதுகாப்பு மகாசங்கம், சென்னை' என்று எழுதினான். வெள்ளம் வருமுன்பே மேலே இருக்கும் ஊர்களிலிருந்து கீழே இருக்கும் ஊர்களுக்குத் தந்தி கொடுக்க வேண்டும், கரையோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் தமுக்கடிக்க ஆள் வேண்டும் என்று சர்க்காரிடம் மனுமேல் மனு போடும் பெரிய சங்கம் அது. வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கை, படங்கள், பெரிய மனிதர்களின் பெயர்கள் எல்லாம் உண்டு. வலதுபக்கம் 'பரக்கத் அலி' என்று மட்டும் எழுதினான். அதற்கு மேல் எழுத அந்தத் தர்மத்துக்குப் பெயரே கிடையாது. பெரிய கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் பரக்கத் அலியும், அடைக்கலம் என்ற படகுக்காரரும், இன்னும் இரண்டு பேரும், ஆற்றில் கரையொதுங்கும் அநாதைப் பிரேதங்களை எடுத்து அடக்கம் செய்கிறார்கள். அவ்வளவுதான்.

இடதுபக்கம் மளமளவென்று நிறைந்தது. 'உயிரோடு இருப்பவர்களைக் காப்பது. நூறு ஊர்களுக்குப் பயன். சட்டம் வந்தால் நிரந்தரம்.' வலதுபக்கம் ஒரே வரி: 'அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது.' எழுதியவுடனே அதை அடித்தான். அடித்தது தெரியாதபடி இன்னொரு முறை அடித்தான்.

அந்த நோட்டை அவன் பார்த்திருக்கிறான். ஆறு மாதத்துக்கு முன் வக்கீலிடம் ஒரு சொத்து வழக்கு வந்தது. காணாமற்போன ஒருவர் இறந்துவிட்டார் என்று காட்ட, பரக்கத் அலியின் நோட்டு மேஜைக்கு வந்தது. கரையொதுங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வயது, உயரம், அடையாளம், கண்டெடுத்த நாள், அடக்கிய இடம். தேவையான பக்கத்தை நகல் எடுத்துவிட்டு அழகிரி நோட்டை மூடி வைத்தான். முன்பக்கம் ஒன்றைக்கூடப் புரட்டவில்லை. அன்று இரவு முழுக்கத் தோள் இரண்டும் எரிந்தன.

தோள் எரிவதற்குக் காரணம் உண்டு. வைணவக் குடும்பங்களில் ஆசாரியனிடம் போய் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் சூட்டினால் பொறித்துக்கொள்வார்கள். வெள்ளத்துக்கு நாலு மாதம் முன்னால் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே நாளில் அது நடக்க ஏற்பாடாகியிருந்தது. அன்று கோபுவுக்குக் காய்ச்சல். அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்து, "அழாதேடா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குமாம்" என்று சிரித்தான். அழகிரிக்கு மட்டும் பொறித்தார்கள்.

கோபு காணாமற்போன மறுநாள், அப்பா கரையோரமாகவே தேடிக்கொண்டு நடந்து போய்விட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும், கையெழுத்து நன்றாக இருக்கும் பையன் என்று பக்கத்து வீட்டுக்காரர் அழகிரியை அழைத்துக்கொண்டு போனார். "அங்க அடையாளம்?" என்று கேட்டார் ஏட்டு. தன் தோள்களில் புண் ஆறி முழுசாக நாலு மாதம் ஆகாத பையன், யோசிக்காமல், முத்து முத்தாக எழுதினான்: 'இரண்டு தோள்களிலும் சங்கு சக்கர முத்திரை உண்டு.'

நாலாம் நாள் அம்மா அழுதபோது சொன்னாள்: "என் குழந்தைக்கு முத்திரைகூட ஆகலையே. மொட்டைத் தோளோட போயிட்டானே." அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்டேஷனுக்கு ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம். ஓடவில்லை. பயம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பயத்தின் மேல் இன்னொரு நாள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்போது இரண்டே வழி. பெரிய சங்கத்துக்குக் கொடுத்தால் அறிக்கையே காரணம் சொல்லிவிடும், அவன் வாய் திறக்க வேண்டாம். பரக்கத் அலிக்குக் கொடுத்தால், ஏன் என்று அம்மா கேட்பாள். அதற்கு நோட்டைச் சொல்ல வேண்டும். நோட்டைச் சொன்னால் அந்த வரியைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அற்புதசாமி அவனைப் பிடித்துக்கொண்டார். மகாசங்கத்துக்குத் திருச்சியில் அவர்தான் காரியதரிசி.

"என்ன மிஸ்டர் அழகிரி, நேத்து ஜனங்களைப் பன்னெண்டு வருஷம் பின்னாடி அனுப்பிட்டீங்களே. தந்தியே அவ்வளவு லேட்டா வராதய்யா."

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அழகிரியும் சிரிக்கப் பார்த்தான்.

"சார், ஒரு சந்தேகம். சங்கத்துக்கு ஒருத்தர் கொடுக்கற நகை என்ன ஆகும்?"

"என்ன ஆகுமா? மனு ஆகும், டெபுடேஷன் ஆகும், கவுன்சில்ல கேள்வி ஆகும். பத்து வருஷத்துல சட்டம் ஆகும். மேட்டூர்ல அணை கட்டியாச்சு, இனிமே வெள்ளம் ஏதுன்னு கேக்கறான் ஒவ்வொருத்தனும். அணை நிரம்பினா மதகைத் தொறக்க மாட்டானா? அதைக் கீழ இருக்கறவனுக்கு யார் சொல்றது? கழுதை வந்து சொல்லுமா?" அவர் குரல் தணிந்தது. "ஒரு தந்தி, ஒரு தமுக்கு. அது இருந்திருந்தா உங்க அண்ணன் கரைக்கே போயிருக்க மாட்டாரு. அதை நினைச்சுப் பாருங்க."

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. அதுதான் அழகிரியைத் தொந்தரவு செய்தது. அறிக்கையின் பின்பக்கத்தில் அந்த வருஷத்துக் கணக்கு அச்சாகியிருந்தது. 'காணாமற்போனோர்' ஒரு கட்டம். 'அடையாளம் தெரியாத பிரேதங்கள்' இன்னொரு கட்டம். பாலத்தில் நடந்து வரும்போது அவனுக்குத் தோன்றியது: அண்ணா இரண்டு கட்டத்திலும் இருக்கலாம். ஒரே ஆள் இரண்டு பேராக. கீழே தண்ணீர் பாலத்துத் தூண்களைச் சுற்றி ஒரே சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

வியாழக்கிழமை, ஆடி முதல் தேதி, அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பெரிய கடைவீதிக்குப் போனான். போகும்போதே மனதுக்குள் சொல்லிக்கொண்டான்: விசாரிக்கத்தான் போகிறோம். இரண்டு பக்கமும் விசாரிக்காமல் முடிவு செய்வது முறையல்ல.

பரக்கத் அலிக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை மல் துணியைக் கிழித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. வக்கீலய்யா குமாஸ்தாதானே? மறுபடியும் கேஸா? என் நோட்டு என்னைவிட அதிகமா கோர்ட்டு ஏறுது."

"கேஸ் இல்லை பாய். நீங்க செய்யற காரியத்துக்கு ஒருத்தர் தர்மம் கொடுக்கலாம்னு பார்க்கறார். என்ன தேவைன்னு கேட்டுண்டு வரச் சொன்னார்."

"ஒருத்தரா? அல்லா அவருக்கு பரக்கத்தைக் குடுக்கட்டும். வேணாம்னு சொல்ல நான் ஒண்ணும் அவுலியா, மகான் இல்லை." அவர் சிரித்தார். "துணி என் கடையிலயே இருக்கு. குழி அடைக்கலம் பார்த்துக்குவாரு. ஒண்ணே ஒண்ணுதான் இல்லை. கரைமேட்டுல ஒரு தகரக் கொட்டகை."

"கொட்டகை எதுக்கு?"

"விறகு நனையாம இருக்க." அவர் துணியை மடித்து வைத்தார். "முஸ்லிம் மய்யித்தா இருந்தா எங்க முறைப்படி மண்ணுல வைக்கிறோம். வேதக்காரங்கன்னா அடைக்கலம் ஜெபம் சொல்லுவாரு. இந்துன்னு தெரிஞ்சா எரிக்கணும்னுதான் நாங்களும் பார்க்கறோம். ஆனா பிரேதம் வர்றதே வெள்ளத்துல. அப்போ ஊர்ல ஒரு சுள்ளி காய்ஞ்சு இருக்காது. எரிக்க வேண்டிய பிள்ளைங்களை மண்ணுல வச்சிருக்கோம் தம்பி. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு."

அழகிரியின் தோள்கள் எரிய ஆரம்பித்தன.

"அந்த வருஷத்து... இருபத்து நாலாம் வருஷத்துப் பக்கம் பார்க்கலாமா?"

பரக்கத் அலி அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம், "கொஞ்சம் பொறுத்து வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கிழவர். கைக்குழந்தை. வளையல் போட்ட பெண். பதினோராம் எண்ணில் விரல் நின்றது.

'ஆண். பதினாறு, பதினேழு வயது. சிவப்பு. காது குத்தியிருக்கிறது, நகை இல்லை. பூணூல் இல்லை, தண்ணீரில் அறுந்துபோயிருக்கலாம். மோவாய்க்குக் கீழே பிறை போல் தழும்பு. லால்குடிக்குத் தெற்கே மணல் திட்டில், வெள்ளம் வந்த மூன்றாம் நாள் கண்டது. ஸ்ரீரங்கத்துப் பையனாக இருக்கலாம் என்று ஸ்டேஷனில் கேட்டது. அங்கே எழுதிக் கொடுத்த காகிதத்தில் தோள்களில் முத்திரை உண்டு என்று இருக்கிறது. இவனுக்கு இல்லை. ஆகையால் வேறு ஆள். ஒருநாள் வைத்திருந்து பார்த்தது. யாரும் வரவில்லை. விறகு எரியவில்லை. மண்ணில் வைத்தது.'

மோவாய்த் தழும்பு, கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. விழுந்தபோது கோபுவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே விழுந்தவன் அழகிரி.

"அந்தக் காகிதத்தை நானே படிச்சேன்," என்றார் பரக்கத் அலி, தாமாகவே. "ஒரு சின்னப் பையன் எழுதினதுன்னு ஏட்டு சொன்னாரு. என்ன கையெழுத்து அது! எனக்கு மனசு கேக்கலை. முகத்தைப் பார்த்தா உங்க பக்கத்துப் பிள்ளை மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இவ்வளவு அழகா எழுதியிருக்கறது தப்பா இருக்குமான்னு விட்டுட்டேன்."

"தப்புத்தான் பாய். அதை எழுதினது நான்."

வெளியே ஒரு ஜட்கா போயிற்று.

"எங்கே வச்சீங்க?"

"திட்டுலயே, மேடான இடமாப் பார்த்து. அடைக்கலம் ஒரு கல்லு நட்டாரு." பரக்கத் அலி நோட்டைப் பார்த்தார். "அந்தத் திட்டு இப்ப இல்லை தம்பி. அடுத்த வெள்ளம் கொண்டுபோயிடுச்சு."

அழகிரி தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்த ஒருத்தர் நீங்கதானே?" என்றார் பரக்கத் அலி. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. மனசு ஆறறதுக்காக எனக்குக் குடுக்காதீங்க. தந்தி வேணும்னு ஒரு சங்கம் கேக்குதாமே, அதுவும் நல்ல காரியம்தான். அது நடந்தா என் நோட்டுல பக்கம் மிஞ்சும். யாருக்குக் குடுக்கறதுன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கு என் கொட்டகைதான் தெரியும். ஆனா இந்தப் பக்கத்துல ஒரு பேரு மட்டும் எழுதணும். அது உங்க கையாலதான் முடியும்." மசிக்கூட்டை நகர்த்தி வைத்தார்.

அழகிரி பேனாவை எடுத்தான். 'கோ' என்று எழுத வேண்டிய இடத்தில் முனை நின்றது. பெற்றவர்களுக்குத் தெரியாத பெயரை ஒரு நோட்டு முதலில் தெரிந்துகொள்வதா?

"நாளைக்கு வந்து எழுதறேன் பாய்."

"வாங்க," என்றார் அவர். நம்பினாரா என்று தெரியவில்லை.

வகுப்புக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்தான். அம்மா வைஜயந்தி விளக்கேற்றிவிட்டுப் பெருமாள் அலமாரி முன் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் காவிரிக்குக் குளிக்கப் போனதில்லை, கிணறுதான். கோபு போனது ஆடியில் என்பதால், ஆடி முதல் தேதி மட்டும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதை அவன் காலையிலிருந்து மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? கை கால் அலம்பிண்டு வா. கோபு காகிதத்தை வாசிச்சுக் காட்டு."

ஸ்டேஷனில் கொடுத்த விவரத்தின் நகல் பெருமாளுக்குப் பின்னால் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது; அப்பா அதைத் தொட்டதே இல்லை. கோபுவைப் பற்றிக் கடைசியாக எழுதப்பட்டது அந்தக் காகிதம்தான் என்பதால், வருஷத்துக்கு ஒருமுறை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். பதினோரு வருஷமாக அவன் வாசிக்கிறான். பதினோரு வருஷமாக ஒரு வரியைத் தாண்டிப் போகிறான்.

மடிப்பில் கிழிந்திருந்த காகிதத்தை விரித்தான்.

"பெயர் கோபு என்கிற ராஜகோபாலன். வயது பதினாறு. நிறம் சிவப்பு. ஐந்தரை அடி உயரம்."

அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்" என்றாள், அவன் எதிரே நிற்பதைச் சரிபார்ப்பவள்போல.

"நாலு முழ வேஷ்டி. மேல்சட்டை இல்லை." இங்கேதான் அவன் எப்போதும் தாண்டுவான். தாண்டுவதற்கு நாக்கு தானாகவே தயாரானது. அதைப் பிடித்து நிறுத்தினான். "இரண்டு தோள்களிலும் சங்கு சக்கர முத்திரை உண்டு."

"ஆமா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "என்னடா வாசிக்கறே? அவனுக்குத்தான் அன்னிக்கு ஜுரமாச்சே. முத்திரை ஏது?"

"இப்படித்தாம்மா எழுதியிருக்கு. நான்தான் எழுதினேன்."

"போன வருஷம் இது இல்லையே."

"இருந்தது. எல்லா வருஷமும் இருந்தது. நான் வாசிக்கலை."

விளக்கின் திரி ஒருமுறை படபடத்தது. அம்மா அதைத் தூண்டவில்லை. அவன் நோட்டைச் சொன்னான், மணல் திட்டைச் சொன்னான், மோவாய்த் தழும்பைச் சொன்னான், விறகு எரியாததைச் சொன்னான். திட்டு போய்விட்டதை மட்டும் கடைசியில் சொன்னான். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒருநாள் வச்சிருந்தாளா அவனை?" என்றாள்.

"ஒருநாள் வச்சிருந்தா."

"யாரும் வரலை."

"யாரும் போகலைம்மா."

"உனக்கு எப்போ தெரியும், தப்பா எழுதிட்டோம்னு?"

"நாலாம் நாள்."

அவள் காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்தாள். பெருமாளுக்குப் பின்னால் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"பன்னிரண்டு வருஷமா வாசல்லே ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து நின்னிருக்கேன்டா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு, "அவர்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லு. இன்னிக்கு அவர் சாப்பிடட்டும்."

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை.

1936 ஜூலை 16, வியாழக்கிழமை.
இன்று வகுப்புக்குப் போகவில்லை. அது தவறு, ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.
1924-ஆம் வருஷம் அண்ணாவின் அடையாளத்தைத் தவறாக எழுதினேன். தவறு என்று தெரிந்தபின் திருத்தவில்லை.
நகையைக் கொட்டகைக்கே கொடுப்பது என்று முடிவு. ஆற்றாமையால் இப்படி முடிவு செய்கிறேனோ என்ற சந்தேகம் இருக்கிறது. தந்தி இல்லாததால் நாளைக்கு எங்கேயாவது ஒரு பையன் கரைக்குப் போனால் அதற்கு நானும் பொறுப்போ என்பதும் தெரியவில்லை. ஆனால் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் எழுதிய காரணங்களில் நல்ல காரணம் பல இருந்தும், உண்மையான காரணம் வாய் திறக்காமல் இருக்கலாம் என்பதே. விறகுக்குக் கொடுப்பதில் அப்படி மறைக்க ஒன்றும் இல்லை.
நாளை: காலை அப்பா ஸ்நானம் முடித்து வந்தவுடன் பதினோராம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு சம்புடத்தை எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போய், நோட்டில் அண்ணாவின் பெயரை எழுத வேண்டும். கண்டெடுத்த நாளை எழுதி வாங்கி வந்து, திதி என்ன என்று அப்பாவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.